எந்தக் கைக்கு மிஷின்

மார்கழியில் வேப்பந்தட்டைக்காரர்களுக்குப் பச்சைமலை கிடையாது. பொழுது ஏறிய பிறகும் அது இருந்த திசையில் வெறும் வெள்ளைதான் நிற்கும். பருத்திக் காட்டில் பஞ்செடுக்கிற பெண்கள் இடுப்புக்கு மேலேதான் தெரிவார்கள். கால்கள் இருக்காது. பனிக்குள் மிதந்து போய்ச் செடிக்குச் செடி நிற்பார்கள். வெற்றிச்செல்வி பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் அப்படிப் பஞ்செடுக்கப் போனவள்தான். அப்போது ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து யாராவது பார்த்திருந்தால் தானும் காலில்லாமல்தான் தெரிந்திருப்போமோ என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் கலைவாணன் வலது கையை மடியில் போட்டு அதன்மேல் இடது கையை வைத்திருந்தான். யார் வீட்டுக் கைக்குழந்தையையோ பத்திரமாகக் கொண்டுபோகிறவனைப் போல.

"இந்தத் தடவ பெருசா ஒண்ணு வாங்கிப்புடணும் புள்ள."

"போய்ப் பாப்பம் மாமா."

கலைவாணன் அவளுக்கு அத்தை மகன். சின்ன வயசிலிருந்தே மாமா என்று கூப்பிட்டு நீ என்று பேசிப் பழகிவிட்டாள். கல்யாணமாகியும் அது மாறவில்லை. ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறது அவர்கள் தொழில். அலுமினியச் சட்டத்தை அளவுக்கு அறுத்து, வலையை இழுத்துப் பிடித்து, ரப்பரை உருட்டி உள்ளே தள்ளுவது வீட்டில் அவள் வேலை. அதை வண்டியில் கட்டிக்கொண்டு போய், சுவரில் ஓட்டை போட்டு மாட்டிவிட்டு வருவது அவன் வேலை. போன தை மாதம்வரைக்கும் அப்படித்தான் ஓடியது. கிருஷ்ணாபுரம் தாண்டி ரோட்டில் பாதிக்கு மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியவன் சோளத்தில் வண்டியை விட்டான். சோளம் உருண்டது, வண்டியும் உருண்டது. தோளில் ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். திருச்சிக்குப் போய்ப் பார்த்து, மாவுக்கட்டெல்லாம் பிரித்த பிறகு, கை நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இனிமேல் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னபோது இரண்டு பேரும்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆடியிலிருந்து வெற்றிச்செல்வி கூடப் போக ஆரம்பித்தாள். அவள் ஸ்டூலில் ஏறிப் போடுவாள், அவன் கீழே நின்று சொல்லுவான். "ஏம்ப்பா, நீ ஏறலயா?" என்று வீட்டுக்காரர்கள் கேட்டால், "சுளுக்குங்க, நேத்துப் புடிச்சது" என்பான். மாதக்கணக்கில் அந்தச் சுளுக்கு நேற்றுப் பிடித்ததாகவே இருந்தது. அவள் திரும்பாமல் அடுத்த ஓட்டைக்குக் குறி வைப்பாள்.

போன வாரம் ஓட்டை போடுகிற பழைய ஒயர் மிஷின் புகைந்து, உள்ளே காயில் சுற்று கருகிப்போயிற்று. அரியலூரில் ஒரு வீட்டு வேலை அன்றைக்கே முடிய வேண்டும். சட்டங்களை முந்தின நாளே குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வழியில் பெரம்பலூரில் இறங்கி, ஒயர் இல்லாத பேட்டரி மிஷினாக ஒன்று வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

கடைக்காரர் அய்யம்பெருமாள் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று பெரியது. கறுப்பும் மஞ்சளுமாக, அடியில் செங்கல் கனத்துக்குப் பேட்டரி மாட்டி, வாலை மடக்கி உட்கார்ந்த கடா மாதிரி இருந்தது. இன்னொன்று சின்னது. பெரியதின் குட்டி என்று சொல்லலாம்.

"இது இருவது வோல்ட்டு. அடிச்சுக்கிட்டே சுத்தும். செங்கல்லு, கருங்கல்லு, கான்கிரீட்டு எதுன்னாலும் போவும். ரொம்ப நேரம் சார்ஜும் நிக்கும். ஆனா கனம். கான்கிரீட்டுக்குள்ள கம்பியில மாட்டிக்கிச்சுன்னா கையத் திருப்பிப்புடும், பாத்துப் புடிக்கணும்."

"இது?" என்றாள் வெற்றிச்செல்வி.

"இது பன்னெண்டு. செங்கல்லுச் சொவரு, மரம், அலுமினியம், திருகு முடுக்கறது, அதுக்கெல்லாம் இதான் தோது. கான்கிரீட்டுல மொனகும். பேட்டரி சீக்கிரம் எறங்கும், ரெண்டு வச்சிருந்தா மாத்தி மாத்திப் போட்டுக்கலாம். நாள் பூரா தூக்கிப் புடிச்சாலும் கை கடுக்காது."

சோதித்துப் பார்க்கக் கடையில் ஒரு கான்கிரீட் துண்டு கிடந்தது. "போட்டுப் பாருங்க தம்பி," என்று பெரியதைக் கலைவாணனிடம் நீட்டினார். மேசை இடுப்பு உயரம்தான். அவன் வலது கையாலேயே வாங்கிக் குனிந்து ஊன்றினான். மிஷின் உறுமிக்கொண்டு இறங்கியது. சாம்பல் நிற மாவு சுற்றிலும் குவிந்தது. வெற்றிச்செல்வி மிஷினைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். உதட்டை மடித்துக் கடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வேலையிலிருக்கும்போது மட்டும் வருகிற அந்த முகம். அதை அவள் பார்த்து வருஷமாகப் போகிறது. இதே முகத்தோடு வீட்டுக்கு வருவானென்றால் எதை வேண்டுமானாலும் வாங்கிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வாய்வரைக்கும் வந்தும்விட்டது.

அப்போது அவன் மிஷினை அலமாரியின் மேல்தட்டுப் பக்கம் தூக்கினான், ஜன்னல் உயரத்துக்குப் பிடித்துப் பார்க்கிறவனாக. கை நெஞ்சுக்கு வந்து நின்றது. அங்கேயே வைத்துக்கொண்டு, மிஷின்மேல் ஒட்டியிருந்த எழுத்தைப் படிக்கிறவன்போல் தலையைச் சாய்த்தான். கடைக்காரர் அதைக் கவனிக்கவில்லை.

அவள் பெரியதை வாங்கித் தலைக்கு மேலே தூக்கினாள். கொஞ்ச நேரத்திலேயே முழங்கை நடுங்கியது. சின்னதைத் தூக்கினாள். அது கையிலிருப்பதே தெரியவில்லை.

"டீ குடிச்சுட்டு வந்து சொல்றோங்க," என்றாள்.

டீக்கடையில் மொச்சைச் சுண்டல் வாசனை. பனி இறங்கிய பெஞ்சைத் துண்டால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"பெருசயே போட்டுக்குவம் புள்ள. ஒருதடவதான் வாங்கப் போறோம்."

"யாரு மாமா தூக்கறது?"

"நீ இப்ப தூக்கு. கொஞ்ச நாளைக்குத்தான். எனக்குச் சரியாயிட்டா நான் பாத்துக்கறேன்."

"டாக்டரு சொன்னப்ப நானும் பக்கத்துலதான நின்னேன்."

"டாக்டரு சாமியா?"

"சாமியில்ல. ஆனா நீ தெனம் காலையில கதவு நெலையில கைய வச்சு ஏத்திப் பாக்கறத நானும் பாக்கறேன். ஆடி மாசம் நின்ன எடத்துலதான் நிக்குது."

அவன் டீயை ஊதினான். அது ஆறித்தான் இருந்தது.

"சின்னத வாங்கிட்டுப் போனா வெளையாட்டுச் சாமான்னு சிரிப்பானுவ. கான்கிரீட்டு வந்தா என்ன பண்ணுவ?"

"பத்து ஓட்டையில ஒம்போது செங்கல்லுதான் மாமா. ஒண்ணுக்காவ ஒம்போது தடவ அதத் தூக்க முடியுமா? மொதல்ல ஒண்ணு சொல்லு. எந்தக் கைக்கு மிஷினு வாங்கறோம்?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று அவளுக்கே தெரிந்தது. கலைவாணன் டம்ளரைப் பெஞ்சில் வைத்தான்.

"ஒன் கைக்கே வாங்கு. நான் சும்மா ஒக்காந்து வேடிக்க பாக்கறேன்." எழுந்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான். பனிக்குள் போகப்போக அவனுக்கும் கால் மறைந்தது.

வெற்றிச்செல்வி டீக்குக் காசு கொடுத்தாள். பிறகு தனியாகக் கடைக்குப் போனாள். தொழில் சாமான் எதையும் அவள் தனியாக வாங்கியதில்லை. "சின்னதயே குடுங்கண்ணே, ரெண்டு பேட்டரியோட," என்று சொல்லும்போது குரல் தன்னுடையது மாதிரி இல்லை.

அரியலூர் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். கலைவாணன் முன்சீட்டுக் கம்பியையே பார்த்து வந்தான். பேரளி தாண்டியதும் பனி கலைந்து வெயில் வந்தது. அரியலூர் நெருங்க நெருங்க மரமெல்லாம் வெளுப்பு. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. புளிய இலைமேல் படிந்த தூசி பார்க்கப் பனி மாதிரிதான் இருந்தது. ஆனால் எந்த வெயிலுக்கும் அது கரையாது. பஸ்ஸின் ஆட்டத்தில் அவளுக்குக் கண் சொருகியது. காலையிலிருந்து ஒரே வெள்ளைக்குள்ளேயே போய்க்கொண்டிருப்பதாகவும், இந்தப் பெட்டிதான் தன்னைக் காற்றில் போய்விடாமல் பிடித்து வைத்திருப்பதாகவும் ஒரு மயக்கம்.

பாக்யலட்சுமி வீடு ஊருக்கு வெளியே, கைவிட்ட கல்குழி ஒன்றை ஒட்டி இருந்தது. குழி நிறையப் பச்சைத் தண்ணீர். பாக்யலட்சுமி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். அவள் மகளுக்கு முதல் பிரசவமாகி, அன்று சாயங்காலம் குழந்தையோடு வீட்டுக்கு வருகிறாள். குழியில் தண்ணீர் தேங்கியதிலிருந்து கொசு வீட்டைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி மொய்க்கிறது.

"பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடும்மா. பச்ச ஒடம்புக்காரி, பச்சப்புள்ள. ஒரு கொசு உள்ள வரக்கூடாது."

வாசல் சுவரோரமாக அஸ்திவாரத்தில் எடுத்த கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் சிப்பி சிப்பியாக, நத்தை சுருண்ட மாதிரி அச்சு. "இங்கெல்லாம் ஒரு காலத்துல கடலு இருந்துச்சாம்," என்றாள் பாக்யலட்சுமி, பக்கத்து வீட்டில் முன்னால் யார் குடியிருந்தார்கள் என்று சொல்வதுபோல. வெற்றிச்செல்வி ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

முதல் ஜன்னலில் பேனாவால் குறி வைத்து ஸ்டூலில் ஏறினாள். சின்ன மிஷின் வண்டுபோல் ரீங்காரம் செய்து, வெல்லக்கட்டிக்குள் போவதுபோல் செங்கலுக்குள் போனது. சிவப்பு மாவு மணிக்கட்டில் வழிந்தது. ஒயரை இழுத்துவிட வேண்டியதில்லை, தோளில் சுற்ற வேண்டியதில்லை. கையை நீட்டுகிற இடத்துக்கு மிஷினும் வந்தது. அடுத்த ஓட்டை, அடுத்தது. ஓட்டைக்குள் பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி இறக்கி, சட்டத்தை வைத்துத் திருகை முடுக்கினாள். வேலை செய்கிறோம் என்ற நினைப்பே போய், விடியற்காலை கனவில் வாசலில் கோலப்புள்ளி வைப்பதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே குனிந்தாள். கலைவாணன் இடது கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எப்போது வந்து பிடித்தான் என்று தெரியவில்லை. தலைமயிரெல்லாம் செங்கல் பொடி. அவள் அடுத்த குறியில் மிஷினை ஊன்றினாள்.

மத்தியானம் பாக்யலட்சுமி சோறும் மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். சின்ன வெங்காயம் முழுசு முழுசாகக் குழம்பில் மிதந்தது. கலைவாணன் வாயைத் திறந்து முதலில் சொன்னது, "கொழம்பு நல்லாருக்குங்க" என்பதுதான். அதையும் பாக்யலட்சுமியிடம் சொன்னான்.

கடைசியாகப் பிள்ளை பெற்றவள் படுக்கப் போகிற அறை. அதில்தான் வினை. ஜன்னல் இரண்டு பக்கமும் தூணை ஒட்டி, தலைமேல் லிண்டல் உத்தரத்தில் முட்டி நின்றது. எங்கே தொட்டாலும் கான்கிரீட். வெற்றிச்செல்வி மேல் மூலையில் மிஷினை ஊன்றினாள். அது கீச்சென்று கத்தியது. எடுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும். மறுபடி அழுத்தினாள். துளை போடுகிற பிட்டின் நுனி நீலமாகிக் கருகல் வாசனை வந்தது. பேட்டரியை மாற்றிப் போட்டாள். பொட்டு கொஞ்சம் பெரிசானது, அவ்வளவுதான்.

இறங்கி நின்று அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்தது.

"சொல்லிடு மாமா. உள்ளயே வச்சுக்காத."

"நான் ஒண்ணுஞ் சொல்லல."

"மொகம் சொல்லுதே."

சத்தம் நின்றதைக் கேட்டுப் பாக்யலட்சுமி வந்துவிட்டாள். பொட்டைப் பார்த்தாள், மிஷினைப் பார்த்தாள், கடைசியில் கலைவாணனைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, காலையிலேருந்து பாக்கறேன். ஆம்பள நீ கீழ நின்னுக்கிட்டு, அந்தப் புள்ளய மேல ஏத்தி உட்டுருக்கறயே. நீ ஏறி ஒரு அழுத்து அழுத்துனா போயிடாது? எம் மவ கொழந்தயோட வர்ற நேரமாச்சு."

"அது வந்துங்க, நேத்து..." என்று ஆரம்பித்தான். வெற்றிச்செல்வி மிஷினிலிருந்து தூசியைத் துடைக்கத் தொடங்கினாள். சுளுக்கு என்ற சொல்லுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. தலை நிமிர்ந்தபோது அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூக்க முடியாதுங்க," என்றான். "வண்டியிலேருந்து உழுந்ததுல தோளு போயிடுச்சு. இதோ, இம்புட்டுத்தான் வரும்." கையை உயர்த்திக் காட்டினான். நெஞ்சில் வந்து நின்றது. "இனிமே வராதுங்க. வேலை இவதான் செய்யறா. நான் கூட வர்றேன்."

பாக்யலட்சுமி வாயில் கை வைத்தாள். "தெரியாமக் கேட்டுப்புட்டனேப்பா."

"கேட்டது நல்லதுதாங்க."

வெற்றிச்செல்விக்குக் கண் கரித்தது. தூசி என்று நினைத்து முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் கரித்தது.

எதிர்வீட்டு மாடியில் குழாய் வேலை நடந்துகொண்டிருந்தது. பாக்யலட்சுமி வாசலில் நின்று சத்தம் போட்டாள். பிளம்பர் திருமுருகன் இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன்னுடைய பெரிய மிஷினைக் கொண்டுவந்து கொடுத்தான். காலையில் கடையில் பார்த்த அதே கடா.

கீழ் ஓட்டைகள் இடுப்பு உயரம். அவற்றைக் கலைவாணனே போட்டான். அதே மடித்த உதடு, சுருங்கிய கண். மேல் ஓட்டைக்கு வந்ததும் மிஷினை அவளிடம் கொடுத்துவிட்டு ஒரு பெஞ்சை இழுத்து ஸ்டூலுக்குப் பின்னால் ஒட்டிப் போட்டு அவனும் ஏறினான். அவள் இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்தாள். அவன் பின்னால் நின்று, நல்ல கையை மேலே கொண்டுபோய் மிஷினின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்தான். கனம் பாதியாயிற்று. வலது கை நெஞ்சு உயரத்தில் அவள் முதுகோடு பொருந்தி நின்றது.

"இப்ப உடு."

மிஷின் இடித்தது. சத்தம் காதில் கேட்பதாக இல்லை. அவள் கை எலும்பில் புறப்பட்டு, தோளில் ஏறி, முதுகு வழியாக அவன் நெஞ்சுக்குப் போய்த் திரும்பி வந்தது. வெள்ளை மாவு கண்ணிமையில், உதட்டில், கழுத்தில் மெல்ல மெல்ல இறங்கியது. அந்தச் சிமெண்டும் இந்த மண்ணிலிருந்து வெட்டின கல்தானே என்று எங்கோ நினைத்துக்கொண்டாள். எந்தக் காலத்து நத்தையோ, எந்தக் காலத்துச் சிப்பியோ மாவாகித் தங்கள் தலையில் கொட்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே கல்குழித் தண்ணீரில் வெயில் அலைந்தது. கடலை அவள் ஒரே ஒருதடவை வேளாங்கண்ணியில் பார்த்திருக்கிறாள். அப்போதும் இடுப்பளவுத் தண்ணீரில் இவன்தான் பின்னால் நின்று பிடித்துக்கொண்டிருந்தான்.

கடக்கென்று பிட்டு கம்பியில் மாட்டியது. மிஷின் முறுக்கிக்கொண்டு திரும்பியது.

"சுச்சுலேருந்து வெரல எடு!"

அவள் எடுத்தாள். மிஷின் திரும்பின வேகம் அவன் உள்ளங்கையில் வந்து முட்டி நின்றது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"அடி பட்டுச்சா?"

"இல்ல. ஒனக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. வெரக்கட தள்ளி வையி. கம்பி இருக்காது."

விரற்கடை தள்ளிப் போட்டார்கள். சுலபமாக இறங்கியது.

கடைசித் திருகை அவள் சின்ன மிஷினால் முடுக்கிக்கொண்டிருந்தபோது கார் வந்து நின்றது. பாக்யலட்சுமி ஆரத்தித் தட்டோடு ஓடினாள். கலைவாணன் அவசர அவசரமாகத் தூசியைக் கூட்டித் தள்ளினான். கொஞ்ச நேரத்தில் அந்த அறையில், பழம்புடவை விரிப்பில், கைவிரல்களை இறுக்க மூடிக்கொண்டு ஒரு குழந்தை தூங்கியது. பொழுது சாய்கிற நேரம். கல்குழிப் பக்கமிருந்து கொசுக்கள் கூட்டமாக வந்து வலையில் மோதி மோதி அந்தப் பக்கமே நின்றன. வெற்றிச்செல்வி வாசற்படியில் நின்று அதைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பெரம்பலூர் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது.

"பெருசும் ஒண்ணு ஒருநாளைக்கு வாங்கணும்," என்றான் கலைவாணன்.

"வாங்கலாம். அதத் தூக்க ரெண்டாளு வேணும்."

"ரெண்டாளு இருக்கறமே."

அவள் சிரித்துவிட்டு ஜன்னலில் தலையைச் சாய்த்தாள். வெளியே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. புளிய மரங்கள் ஒவ்வொன்றாக வந்து கரைந்தன. தூங்கிவிட்டாளா, தூங்கப் போகிறாளா என்று அவளுக்கே தெரியாத இடத்தில், பக்கத்தில் போன் அடித்தது. கலைவாணன் எடுத்துப் பேசினான். பேச்சு எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது.

"ஆங், திருமுருகன், சொல்லுங்க. எதுத்த வூட்டுக்கா? எத்தன ஜன்னலு வரும்? செங்கல்லுதான? சரி சரி. நாளைக்கேவா? அத நான் சொல்ல முடியாதுங்க. அவங்களத்தான் கேக்கணும். வேலை அவங்கதான் பாக்கறாங்க. இல்ல, இப்பத்தான் கண்ணசந்தாங்க, எழுப்ப வேணாம். முழிச்சதும் கேட்டுட்டுச் சொல்றேன்."

யாரைச் சொல்கிறான் என்று அவளுக்கு உடனே விளங்கவில்லை. யாரோ பெரிய மனுஷி ஒருத்தி இதே சீட்டில் கூட உட்கார்ந்து வருகிறாளோ என்று நினைத்தாள். பிறகு விளங்கியது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. பேரளி வரைக்கும் தூங்குகிறவளாகவே வந்தாள்.